தொடக்கப் பள்ளி நூலகத்தில் கவிதை

(கழகத் தொடக்கப் பள்ளியின் நூலகத்தில் நடைபெற்ற கவிதை நாள் விழாவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாளை உலகக் கவிதை நாள் என யுனெஸ்கோ நிறுவனம் 1999ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்நாளை நம் பள்ளி நூலகத்தில் கொண்டாட வேண்டும் என்று எண்ணிய ஆசிரியர்களை முதற்கண் பாராட்டுகிறேன். நூலகம் என்று நாம் பெருமையோடு குறிப்பிடுவது இரண்டு இரும்பு அலமாரிகள், நான்கு கோரைப் பாய்கள், சன்னலுக்குச் சன்னல் கட்டிய ஒரு கயிறு, அவ்வளவே. அக்கயிற்றில் பாட்டுப் புத்தகங்கள் துணி உலர்த்தியதுபோல் தொங்குகின்றன. முதல் வகுப்புப் பிள்ளை கையை நீட்டினால் எட்டும் உயரம். யார் செய்த ஏற்பாடோ, அவர்க்கு என் வணக்கம்.

கவிதையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள், பேசுவேன். ஆனால் அதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். விழா நாளில் இதை எடுக்கலாமா என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்த பின்னரே எடுக்கிறேன். சென்ற திங்கள் நூல் இருப்பைச் சரிபார்த்தபோது 19 நூல்கள் காணப்படவில்லை. இன்னும் சில கிழிந்து வந்துள்ளன. ஆகவே வரும் கல்வியாண்டு முதல் நூல்களை வீட்டுக்குக் கொடுக்க வேண்டா, அலமாரியைப் பூட்டி வைத்து நூலக வகுப்பில் மட்டும் திறப்போம் என்று ஆட்சிக் குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டுள்ளது. முன்மொழிந்த பெரியவர் இங்கே அமர்ந்திருக்கிறார். இந்நூல்களை வாங்குவதற்கு வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்தும் இருபதுமாகத் திரட்டியவர் அவரே. தம் கையால் வாங்கிய நூல் காணாமற் போனால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். அவர் கவலையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அத்தீர்மானம் நிறைவேறக் கூடாது என்று சொல்லவே இன்று நிற்கிறேன்.

நான் 1979ஆம் ஆண்டில் ஆசிரியனாகப் பணியில் சேர்ந்தேன். முதலில் பணியாற்றிய பள்ளியின் பெயர் இங்குத் தேவையில்லை. அங்கே தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மர அலமாரி இருந்தது. அதன் சாவி எந்நேரமும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கேட்டால், "ஒன்று குறைந்தாலும் என் சம்பளத்தில் பிடிப்பார்கள், தம்பி" என்பார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 1987ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்கீழ்த் தொடக்கப் பள்ளிகளுக்குக் கற்பித்தற் கருவிகளோடு நூல்களும் வழங்கப்பட்டன. பின்னாளில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு அவை வந்து சேர்ந்தபோது நானும் அதையே செய்தேன். வரிசை எண் இட்டேன், பள்ளி முத்திரை பதித்தேன், அந்துருண்டை வைத்தேன், பூட்டினேன். ஆண்டுதோறும் எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. ஆய்வுக்கு வந்தவரும் 'இருப்புச் சரி' என்று கையொப்பமிட்டுச் சென்றார். பின்னொரு மழைக்காலம் கழிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு நூலை எடுத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே கறையான் மண். அன்றும் பதிவேட்டின்படி ஒரு நூலும் குறையவில்லை. கறையானைத் தவிர வேறு எவரும் அந்நூல்களைப் படிக்கவும் இல்லை. அவ்வாண்டுகளில் என்னிடம் பயின்ற பிள்ளைகள், ஒரு கதைப் புத்தகத்தைக்கூடக் கையால் தொடாமல் ஐந்தாம் வகுப்பை முடித்துச் சென்றவர்கள். அவர்களுள் சிலர் இன்று தாயராக, தந்தையராக இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவன், கேட்கிறேன்.

மிஞ்சிய நூல்களை வெயிலில் உலர்த்தி, சாவியை வீசிவிட்டேன். பிள்ளைகளே எடுக்கட்டும், பிள்ளைகளே எழுதி வைக்கட்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் பக்கத்தில் வைத்தேன். அப்போது மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எழுத்துகளைத் தனித்தனியே சொல்வாள். சேர்த்துப் படிக்க வராது. 'இவளுக்குப் படிப்பு ஏறாது' என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். ஆசிரியர்கள் இவ்வாறு முடிவு கட்டுவதில் காட்டும் விரைவு பெரிது! அவள் பதினாறு பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சென்றாள். மூன்று வாரம் கழித்துத் திருப்பினாள். அட்டையில் மஞ்சட் கறை. ஒரு மூலை இல்லை. கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்குள் அவள் புத்தகத்தை விரித்து, விரலைச் சொல்லுக்குச் சொல் வைத்து, ஒரு பாட்டை முழுவதும் படித்தாள். அக்கம்பக்கத்து அக்காள் ஒருத்தி ஒரு முறை படித்துக் காட்டினாளாம். எழுத்தறியாத தாய் அடுப்படியிலிருந்தே கேட்டு, மகளுக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிட்டாராம். பிறகு மகள் தவறினால் தாய் திருத்தினாராம். இருவருக்கும் நடுவில் அப்புத்தகம் திறந்து கிடந்தது. மஞ்சட் கறை வந்த வழி அதுதான்.

தொடக்கப் பள்ளி நூலகத்தில் கவிதைக்குத் தனி இடம் வேண்டும் என்று நான் கூறுவதற்குக் காரணம் இதுவே. உரைநடைக் கதையைப் படிக்கும் குழந்தை அடுத்த சொல் என்னவென்று அறியாது. ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழும். பாட்டு அவ்வாறன்று. எதுகை அடுத்த சொல்லை முன்கூட்டியே காதில் சொல்லிவிடுகிறது. காது முன்னே நடக்க, கண் அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னே நடக்கிறது. அன்றியும், எட்டு வரிப் பாட்டை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 'ஒன்றை முழுவதும் படித்து முடித்தேன்' என்னும் மகிழ்ச்சியை முதன்முதலில் குழந்தைக்குத் தருவது பாட்டே. புத்தகம் இல்லாத வீட்டுக்குள் புத்தகத்தை அழைத்துச் செல்வதும் பாட்டே. ஏனெனில் படிக்கத் தெரியாதவரும் அதில் பங்கு கொள்ளலாம்.

நம் தலைவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்களைச் சட்டமன்றத்தில் முழங்கியவராகவே நாம் அறிவோம். 1920ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார்; 1922இல் 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்க வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். ஆனால் அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். ஆர். ரங்கநாயகி அம்மையாருடன் இணைந்து, மழலையர் பாடல்கள் அடங்கிய 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் நூலை 1930ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிலாவை அழைக்கும் பாட்டும், கையை வீசச் சொல்லும் பாட்டும் அந்நூலில் அச்சேறியவை. தமிழ்நாட்டில் எந்தச் சாதிக் குழந்தை அப்பாட்டுகளைக் கேளாமல் வளர்ந்தது? அச்சேற்றிய கை யாருடையது என்பது மட்டும் மறக்கப்பட்டது. இன்று மேடையில் அப்பாட்டுகளைப் பாடிய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதைச் சொல்லி வைக்க வேண்டுகிறேன்.

அச்சில் வராத பாட்டு நம் தெருவில் எவ்வளவோ இருக்கிறது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப் பாட்டு. ஆண்டை வீட்டு வயலில் குனிந்த இடுப்பு நிமிராமல் பாடியவை ஆதலின், அவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவர நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு பையன் அத்தகைய பாட்டொன்றை வகுப்பில் பாடியபோது, 'அதெல்லாம் சேரிப் பாட்டு, பாடப் புத்தகத்தில் உள்ளதைச் சொல்' என்று ஆசிரியர் அமர்த்திவிட்டார். அந்தப் பையன் அதன்பின் வாய் திறக்கவில்லை. நெடுங்காலம் திறக்கவில்லை, எனக்குத் தெரியும். இந்த நூலகத்தில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்து, பிள்ளைகள் தம் வீட்டில் கேட்ட பாட்டை, பாடியவர் பெயருடன் எழுதி வரச் செய்துள்ளீர்கள். அதற்குச் சேர்க்கைப் பதிவேட்டில் எண் கொடுத்து, மற்ற கவிதை நூல்களோடு ஒரே தட்டில் வைத்திருப்பதையும் கண்டேன். இவ்விழாவில் நான் கண்டவற்றுள் என்னை மிகவும் மகிழ்வித்தது அந்த எண்ணே.

இப்போது தீர்மானத்துக்கு மீண்டும் வருகிறேன். நூல் என்பது கை மாறுவதற்காகவே உண்டானது. அயோத்திதாசப் பண்டிதர் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். அவர் பாட்டனார் கந்தப்பன், தம் குடும்பத்தார் காத்து வந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைத் தாம் பணிபுரிந்த ஆங்கிலேயர் வழியாக எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்தார் என்பதே அது. அவர் அச்சுவடியைப் பெட்டியில் பூட்டியே வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

புணே நகரில் 1848ஆம் ஆண்டில் சாவித்திரிபாய் பூலேவும் ஜோதிராவ் பூலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். சாவித்திரிபாய் ஆசிரியை மட்டும் அல்லர். 1854இல் தம் கவிதை நூலை வெளியிட்ட கவிஞருமாவார். பூலே தம்பதியரின் பள்ளியில் பயின்ற முக்தா என்னும் மாங் சாதிச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். அது 1855ஆம் ஆண்டில் 'ஞானோதய' என்னும் இதழில் அச்சாயிற்று. பள்ளி தொடங்கி ஏழே ஆண்டுகள்! தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தையின் கையில் நூலைக் கொடுத்தார்கள். அக்குழந்தை நாட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டது.

கணக்கு வழக்கில் கருத்துள்ள பெரியவர்களுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென ஒரு பகுதி உண்டு. ஆண்டில் 1,000 நூல்கள் வழங்கப்பட்டால் அல்லது எடுத்துப் பார்க்கப்பட்டால், அவற்றுள் 5 நூல்கள் காணாமற் போவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருத்தல் கூடாது என்கிறது அவ்விதி. அது நம் கழகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழிகாட்டக் கூடாதா? நம் இரவல் பதிவேட்டை நான் உட்கார்ந்து எண்ணினேன். சென்ற ஆண்டு நூல்கள் 4,000 முறைக்கு மேல் வெளியே சென்று வந்துள்ளன. அவ்விதிப்படி 20 நூல்கள் வரை போகலாம். போனவை 19. நம் பிள்ளைகள் அரசு எதிர்பார்த்ததைவிட ஒரு நூல் அதிகமாகவே திருப்பியிருக்கிறார்கள்.

கிழிந்தவற்றை என்ன செய்வது? திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மைதாப் பசையும் பழைய காலண்டர்த் தாளும் கொண்டு பிள்ளைகளே ஒட்டட்டும். தையற்கலை அறிந்த தாய்மார்கள் இருவர் மூவர் வந்து முதுகு தைத்துக் கொடுத்தால் போதும். ஒட்டிய புத்தகத்தைப் பிள்ளை மறுபடியும் கிழிப்பதில்லை. இது என் பட்டறிவு. போனவற்றுக்கு ஈடாகப் பத்து நூல்களுக்கான தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். மிகுதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்புவித்தல் போட்டியைப் பற்றி ஒரு சொல். அதில் பரிசாகக் கொடுக்கும் எவர்சில்வர் கிண்ணங்களுக்கு நான் பகைவன் அல்லேன். ஆனால் ஆண்டுதோறும் அதே மூன்று பிள்ளைகளே அவற்றை வாங்கிச் செல்கிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். இவ்வாண்டு போட்டி வைக்காமல், ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தடுமாறினாலும் பரவாயில்லை என்று, ஒரு பாட்டைப் படிக்க ஏற்பாடு செய்துள்ளார்கள். நேரம் ஆகும். ஆகட்டும், பொறுத்திருந்து கேளுங்கள்.

அடுத்ததாக நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டியார் பாடக் கேட்டு எழுதி வந்த நடவுப் பாட்டைப் படிக்க இருக்கிறாள். அந்த அம்மையாரும் வந்திருக்கிறார். கதவருகில் தரையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். பேத்தி விட்ட அடியை அவர்தாம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.