நம் இலட்சிய மனிதர்



"ஐயா, உங்கள் இலட்சிய மனிதர் யார்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். துன் சம்பந்தன் என்றோம். அருகில் நின்ற அவன் தந்தையார், "அரசியல்வாதியா, வாத்தியாரே?" என்று சிரித்தார்.

கேள்வி நியாயமானதே. நம் காரணத்தைச் சொல்கிறோம். 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரர் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியவர்கள் துண்டாடி விற்றனர். வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போயின. அவரோ தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பால் வெட்டியவர்களே பங்குதாரர் ஆயினர்.

அவர் செய்த யாவும் சரியென்று வாதாட மாட்டோம். இந்த ஒரு செயலுக்காகவே போற்றுகிறோம். அரைவயிற்றுக் கூலியிலும் அவரை நம்பிப் பத்து வெள்ளி கொடுத்த நம் பாட்டன் பாட்டியரும் இலட்சிய மனிதர்களே.

உங்கள் பிள்ளை யாரைச் சொன்னாலும் சிரிக்காதீர்கள், "ஏன் அவர்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லக் கற்ற பிள்ளை எவர் பின்னாலும் கண்ணை மூடிக்கொண்டு போகாது.