எந்த மாசம் எந்த இரை? தூண்டில் போடும் முன் தெரிஞ்சுக்கோங்க

கடலூர், சிதம்பரம் பக்கம் லீவு நாள்னா குளத்தங்கரையிலயும் வாய்க்கால் மதகுலயும் தூண்டிலோட நிறைய பேரைப் பார்க்கலாம். எந்தப் பருவத்துக்கு எந்த இரை, கிளம்பும் முன் கைபேசியில் என்ன பார்க்கணும், இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. ஊர்க் குளங்கள் பலவும் மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடப்பட்டவை. அதிலுள்ள ரோகு, கட்லா எல்லாம் ஒருத்தர் காசு போட்டு விட்ட குஞ்சுகள். ஊராட்சி அலுவலகத்திலோ குத்தகைதாரரிடமோ கேட்டுவிட்டு உட்காருங்க.

கோடையில் தண்ணீர் குறைஞ்சு சூடாகும். விடியற்காலையும் சாயங்காலமும்தான் மீன் மேயும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டைதான் இப்போ எங்கேயும் நிறைஞ்சிருக்கு. அதுக்கு வாய் சின்னது. சின்ன முள் போதும். கோதுமை மாவைக் கெட்டியாப் பிசைஞ்சு மிளகு அளவு உருட்டுங்க. தளர்வா இருந்தா தண்ணியில கரைஞ்சு போயிடும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அந்தத் தண்ணீர் கொள்ளிடம் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக வீராணம் சேரும். வாய்க்காலில் புதுத்தண்ணி வந்ததும் மீன் அதை எதிர்த்து ஏறும். அப்போ மண்புழுவே நல்ல இரை.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கலங்கிடும். கண்ணை விட வாசனைதான் மீனுக்கு வழிகாட்டும். மண்புழுவைத் தரையோடு விட்டால் கெளுத்தி கடிக்கும். கழற்றும்போது அதோட முள் குத்தாம பார்த்துக்கோங்க.

மார்கழி, தையில் குளிருக்கு மீன் மந்தமாகும். வெயில் ஏறின பிறகு போங்க, இரையைச் சின்னதாக்குங்க. தண்ணி தெளிஞ்ச இடத்தில், தாமரை ஓரம் ரப்பர் தவளையை இழுத்தால் விரால் பாயும். ஆனா நீர்மட்டத்தில் குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா அங்கே போடாதீங்க. தாய், தகப்பன் விரால் காவல் காக்கும் நேரம் அது. பெரிசைப் பிடிச்சிட்டா குஞ்சுகளை மத்த மீன் தின்னுடும்.

இப்போ கைபேசிக்கு வருவோம். மழைக்காலத்தில் கிளம்பும் முன் ‘டிஎன் அலர்ட்’ செயலியில் வானிலை எச்சரிக்கையைப் பாருங்க. மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கு. கார்பன் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும்; இடிச் சத்தம் கேட்டாலே கழியைக் கீழே போட்டுட்டு கட்டடத்துக்குள்ள போயிடுங்க. மரத்தடியில் நிற்காதீங்க.

மழையில ஊறின கரை சரியும். பிள்ளைகளைத் தனியா அனுப்பாதீங்க. யாராவது விழுந்தால் நீங்களும் குதிக்காம, மூங்கிலையோ வேட்டியையோ நீட்டுங்க. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்று எண்ணையும் இப்பவே பதிஞ்சு வையுங்க.

அறுந்த நரம்பைக் கரையில் விடாதீங்க; கொக்கு, நீர்க்காகம் காலில் சுத்திக்கும். சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க.