இன்னும் ஓர் ஆண்டு

தவக்காலம் 3-ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
விப 3:1-8, 13-15, 1 கொரி 10:1-6, 10-12, லூக் 13:1-9
(வானொலியில் வழங்கிய மறையுரை)



தவக்காலத்தின் பாதி வழியில் நிற்கிறோம். திருப்பூரில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வெயில் ஏறினால் மல்லிகை இறங்கும் என்பார்கள் பூக்காரர்கள், விலையைச் சொல்கிறார்கள். தை மாதப் பனியில் மொட்டு கருகி, கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்ற குண்டுமல்லி, பங்குனி பிறந்ததும் சத்தியமங்கலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்கிய கையோடு, பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் சகோதரிகள் ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆறு நாள் பஞ்சுத் தூசிக்கும் இயந்திர எண்ணெய்க்கும் பிறகு, அவர்களுக்கென்று கிடைக்கும் ஒரு முழ மணம் அது.

இன்றைய நற்செய்தியில் மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத ஓர் அத்திமரத்தைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். எங்கள் பங்கு இல்லத்தின் முன்னும் மூன்று ஆண்டுகளாகப் பூக்காத ஒரு மல்லிகை நின்றது. அந்தச் செடியின் கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஓரியூருக்கும் இராமேசுவரத்துக்கும் திருப்பயணம் சென்று வந்த எங்கள் பங்கு மக்கள், தங்கச்சிமடத்தில் வாங்கிய மல்லிகை நாற்றுகளைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்று போவது அந்த ஊரிலிருந்துதான். ஒன்றை இல்லத்தின் முன் நட்டோம். முதல் ஆண்டு பொறுத்தோம். இரண்டாம் ஆண்டு இலை மஞ்சளித்தது. சத்து போதவில்லை என்று யூரியா போட்டோம். கொடி நீண்டு வளர்ந்ததே தவிர மொட்டு இல்லை. மூன்றாம் ஆண்டும் அப்படியே. கடந்த நவம்பரில், கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்க அந்த இடம் வசதியாக இருக்கும் என்று தோன்றியது. செடியைப் பிடுங்கிவிடச் சொன்னோம்.

அன்று கோவிலைக் கூட்ட வந்திருந்த ஒரு தாய் கடப்பாரையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில். “இந்த ஒரு வருசம் விட்ருங்க சாமி, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

முதலில் அவர் செடியைச் சுற்றி நடந்தார். நிமிர்ந்து வேப்பமரத்தைப் பார்த்தார். “வெயிலே விழுகல. நிழல்ல இலைதான் வரும்” என்றார். பிறகு தண்ணீர் எங்கிருந்து ஊற்றுகிறோம் என்று கேட்டார். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து என்றோம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு மண்வெட்டி கேட்டார். ஓர் அடி ஆழம் போவதற்குள் மண்வெட்டி ‘ணங்’ என்றது. அரங்கம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் காரைக் கட்டியும் சிமெண்டுக் கழிவும் அடியில் கிடந்தன. மேலே ஒரு சாண் செம்மண் பரப்பி, அதன்மேல்தான் நாங்கள் மல்லிகை நட்டிருந்தோம்!

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் பங்குப் பெரியவர் ஒருவர் மீதியை விளக்கினார். காரையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் இலை மஞ்சளித்தது. நாங்கள் போட்ட யூரியா வெறும் தழைச்சத்து. மல்லிகைக்குத் தழைச்சத்தைப் போல இரண்டு மடங்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வேண்டும். பசித்த பிள்ளைக்கு நாங்கள் மூன்று ஆண்டுகள் தவறான உணவை ஊட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளை தேறவில்லை என்று கோபமும் கொண்டோம்.

அன்புக்குரியவர்களே, இன்றைய நற்செய்தி அத்திமரத்தோடு தொடங்கவில்லை. பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சிலர் வந்து ஆண்டவரிடம் சொல்கிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை ஆண்டவரே நினைவூட்டுகிறார். அடிபட்டவர்கள்தாம் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்பது கேள்வி. இல்லவே இல்லை என்று இருமுறை சொல்கிறார். சொல்லிவிட்டு, கேட்டவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். அதற்குப் பின்தான் அத்திமர உவமை வருகிறது. காய்க்காத மரத்தை நோக்கி நீட்டிய விரலை, ஆண்டவர் நம் பக்கமே திருப்பிவிடுகிறார்.

நம் ஊர் மண்ணையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு, நாம் உலகத்துக்கு உடுத்திய பனியன்களின் சாயத்தையும் உப்பையும் பல ஆண்டுகள் சுமந்தது. பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றது. 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், வேலையிழந்த குடும்பங்கள் பட்ட பாடும் நமக்கு மறக்காது. அந்த உப்பை மண் இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, பூக்காததற்குச் செடியை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

அத்திமர உவமையில் தோட்டத் தொழிலாளர் சொல்லும் சொல்லைக் கவனியுங்கள். இந்த ஆண்டும் இதை விட்டுவிடும் என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள சொல் ‘ஆஃபெஸ்’. விடு என்றும் பொருள், மன்னித்துவிடு என்றும் பொருள். இதே லூக்கா நற்செய்தியில், சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம்மை அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்றாடும்போது பயன்படுத்துவதும் அதே சொல்தான். அப்படியானால் அந்தத் தோட்டத் தொழிலாளர் யார் என்று நமக்குப் புரிகிறது.

ஆனால் அவர் வெறுமனே அவகாசம் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகச் சொல்கிறார். அவகாசத்தோடு தம் உழைப்பையும் சேர்த்துக் கொடுக்கிறார். சாணத்தில் கையை வைக்கத் தயாராக இருக்கிறார். பொறுமை என்றால் சும்மா காத்திருப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சும்மா காத்திருந்ததைத்தான் நாங்கள் மூன்று ஆண்டுகள் செய்தோம். கொத்திப் பார்க்காத பொறுமை பொறுமையல்ல, அலட்சியம். முதல் வாசகத்தில் எரியும் முட்புதரிலிருந்து பேசும் கடவுளும், தம் மக்களின் துன்பத்தைப் பார்த்தார், கூக்குரலைக் கேட்டார், கேட்டதோடு நில்லாமல் இறங்கி வந்தார்.

அந்தத் தாய் நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்தார். தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர், முழங்கால் உயரம் விட்டு, மேலே உள்ளதையெல்லாம் வெட்டினார். எங்களுக்குப் பதறியது. “புதுத் துளிர்லதான் சாமி மொட்டு வரும். பழசை வச்சுக்கிட்டே இருந்தா பூ எங்கிருந்து வரும்?” என்றார். தவக்காலத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறையுரை எங்களிடம் இல்லை. இளைஞர்கள் இடிபாடுகளைத் தோண்டி எடுத்தார்கள். வேப்பமரத்தின் ஒரு கிளையைக் கழித்தோம். மக்கிய தொழுவுரம் 10 கிலோ இட்டு மண் அணைத்தோம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து, மஞ்சள் மறையும்வரை மாதம் ஒருமுறை இலைமேல் தெளிக்கச் சொன்னார் பெரியவர். உப்புத் தண்ணீரை நிறுத்தி, பங்கு இல்லச் சமையலறையில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினோம்.

சனிக்கிழமைதோறும் அந்தத் தாய் வந்து செடியைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள், “உங்கள் மகன் எங்கே, காணவே இல்லையே?” என்று கேட்டோம். “தூங்குறான் சாமி, நைட் ஷிப்ட்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு பட்டியல் நினைவுக்கு வந்தது.

உறுதிபூசுதல் தயாரிப்பு வகுப்புக்கு எட்டு வாரம் தொடர்ந்து வராதவர்களின் பெயரை அடித்திருந்தோம். அந்தப் பதினெட்டு வயது மகனின் பெயரும் அதில் இருந்தது. பேனா எங்கள் கையில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அவர்களுடைய லைன் வீட்டுக்குப் போனோம். வாசலில் பழைய பெயிண்ட் வாளியில் ஒரு மல்லிகை, எங்கள் செடியைவிடச் செழிப்பாக நின்றது. உள்ளே அந்தப் பையன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பா விட்டுப்போன பிறகு பிளஸ் டூவை நிறுத்திவிட்டுக் கைமடியாகச் சேர்ந்திருக்கிறான். ஷிப்மெண்ட் நேரத்தில் ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் வேலை முடியுமாம். வகுப்பு ஒன்பது மணிக்கு. “வரலைன்னு பேரை அடிச்சீங்க. ஏன் வரலைன்னு யாரும் கேக்கலையே சாமி” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

செடியின் வேருக்கடியில் என்ன இருக்கிறதென்று அறிய ஓர் அடி தோண்டினோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, அந்த லைன் வீட்டு மொட்டை மாடியில் இன்னொரு வகுப்பு நடக்கிறது. முதல் வாரம் இருவர் வந்தார்கள். இப்போது ஏழு பேர். அந்தப் பையன் சில வாரம் வருகிறான், சில வாரம் வருவதில்லை. வராத வாரம் நாங்கள் போய்ப் பார்க்கிறோம்.

நேயர்களே, உங்கள் குடும்பத்திலும் பூக்காத செடி ஒன்று இருக்கலாம். குடியில் விழுந்த கணவர், படிப்பு ஏறாத மகள், பேச்சை நிறுத்திவிட்ட மருமகள், எத்தனை முறை சொல்லியும் திருந்தாத தம்பி. தீங்கைச் சகித்துக்கொண்டு கிடங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. கவாத்தும் பராமரிப்புதான், சில பழக்கங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கடப்பாரையை எடுக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். வெயில் கிடைக்கிறதா? என்ன தண்ணீர் ஊற்றினோம்? அடியில் நாமே புதைத்த இடிபாடு எதுவும் உண்டா? இந்த மூன்று கேள்விகளை இவ்வாரம் ஒரே ஒருவரைக் குறித்தாவது கேட்டுப் பார்ப்போம். அவர் அருகில் அமர்ந்து, அவரிடமே கேட்போம்.

அத்திமரம் பிறகு காய்த்ததா, வெட்டப்பட்டதா? ஆண்டவர் சொல்லவில்லை. கதையை முடிக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிட்டார்.

எங்கள் மல்லிகையில் சென்ற வாரம் மொட்டுகள் வந்தன. விடியுமுன் பறித்து எண்ணினார் அந்தத் தாய்: பதினொன்று. மாலையில் அன்னை மரியாவின் பாதத்தில் அவை விரிந்தன. அந்தப் பெரிய கோவிலில் பதினொரு பூவின் மணம் எவ்வளவு தூரம் போகும்? முதல் வரிசை வரை போயிருக்கும். எங்களுக்கு அது போதும். செடிக்குக் கொடுத்த ஆண்டு இன்னும் முடியவில்லை. அந்தப் பையனுக்கும் முடியவில்லை. நமக்கும்தான்.

மன்றாடுவோம். எங்கள் தோட்டத்தைப் பேணும் ஆண்டவரே, எங்களை வெட்டிவிடாமல் இந்த ஆண்டும் விட்டுவைத்திருக்கிறீர். நன்றி. எங்கள் மனத்தின் கட்டாந்தரையைக் கொத்தும். நாங்கள் புதைத்து மறைத்தவற்றைத் தோண்டி எடுத்துவிடும். ஒருவருக்கொருவர் அவகாசம் தரவும், அந்த அவகாசத்தில் உழைக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.