காது, தொண்டை மருத்துவத்தில் எந்திரக் கரங்கள்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தில், காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவத்தில் ரோபோ எனும் எந்திரக் கரம் ஆற்றக்கூடிய பணியைக் குறித்துச் சில சொல்ல முற்படுகிறோம். நடவும் அறுவடையும் கண்ட மக்களுக்கு இப்பேச்சு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. புதிய அறிவு எது வரினும் அது ஊருக்கு முதலிலும் சேரிக்குக் கடைசியிலும் வந்து சேர்வதே இதுவரை நாம் கண்ட வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றுவதற்கே நம் சங்கம் உழைத்து வருகிறது.

இத்தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், கண்நோயாளிகளின் நிலையையும் அவர்கட்குச் செய்த மருத்துவத்தையும் படங்களுடன் எழுதிவைக்கச் செய்தார். அவ்வேடுகள் சரசுவதி மகாலில் காக்கப்பட்டுள்ளன. அறுவை மருத்துவ அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும் அந்நாளில் நம் முன்னோர்க்கு எழுத்தின் கதவே அடைக்கப்பட்டிருந்தது. 1959-இல் தஞ்சை மருத்துவக் கல்லூரி தோன்றியபோது, பண்ணையாட்களின் பிள்ளைகளும் மருத்துவராகலாம் எனும் நம்பிக்கை இங்குத் துளிர்த்தது. இன்று அறுவைக் கூடத்தில் ரோபோ நுழைந்திருக்கிறது. மறுபடியும் நாம் வாசலிலேயே நின்றுவிடக் கூடாது.

அறுவை ரோபோ தானே எண்ணித் தானே அறுக்கும் பொறி என்று பலர் கருதுகின்றனர். இன்று தொண்டை அறுவைக்குப் பயன்படும் ரோபோ அத்தகையது அன்று. மருத்துவர் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியை நோக்கியவாறு பிடிகளை இயக்குகிறார். அவர் விரல் அசையும் வழியே நோயாளியின் உடலுக்குள் மெல்லிய கருவிகள் அசைகின்றன. கைநடுக்கம் வடிகட்டப்படுகிறது, விரலின் பெரிய அசைவு கருவியின் சிறிய அசைவாகக் குறைக்கப்படுகிறது. கரம் எந்திரத்தினுடையது, அதனை ஆட்டுவிப்பதோ மனிதனின் கல்வி.

நாவின் அடிப்பகுதியில் தோன்றும் புற்றுக்கட்டியை எடுத்துக்கொள்வோம். குறுகலான அவ்விடத்தை அணுகுவதற்கு, முன்னர்ப் பல வேளைகளில் உதட்டையும் தாடை எலும்பையும் பிளக்க நேர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், வாய் வழியாகவே ரோபோவின் கருவிகளைச் செலுத்தும் முறையை வகுத்தனர். 2009-இல் அந்நாட்டு அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இம்முறைக்கு உகந்த நோயாளிக்குத் தாடையைப் பிளக்க வேண்டுவதில்லை. பேசும் ஆற்றலும் விழுங்கும் ஆற்றலும் பெரிதும் காக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: கட்டி சிறிதாக இருக்கும்போதே வருபவர்க்குத்தான் இவ்வழி ஏற்றது.

செவியின் நிலை இதனினும் நுட்பமானது. உட்செவியில் நத்தைக் கூடுபோல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட எலும்புக் குழல் உள்ளது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அதனுள் மெல்லிய மின்முனை இழையைச் செலுத்தி ஒலியை உணரச் செய்யலாம். செல்லும் வழியில், முகத்தை அசைக்கும் நரம்பு சில மில்லிமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. அது பழுதுற்றால் முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும். ரோபோவைக் கொண்டு எலும்பில் குறுகிய வழி குடைந்து அக்கருவியைப் பொருத்தியதைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்டனர். இத்துறையில் ரோபோ இன்னும் இளம் பருவத்திலேயே உள்ளது. உலகெங்கும் இவ்வறுவை பெரும்பாலும் மருத்துவரின் கைத்திறனாலேயே நடைபெறுகிறது.

நம் மாநிலத்தில் ரோபோ அறுவை முதலில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் இடம்பெற்றது. 2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டப் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில், 34 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், அரசே ரோபோ அறுவை மையத்தைத் திறந்தது. பொதுப்பணத்தால் வாங்கப்பட்ட அக்கருவியில் கூலி உழைப்பாளிக்கும் பங்கு உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்த முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் துணை நிற்கிறது.

ஆயினும் தஞ்சையிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். நடவு நாளில் ஒருநாள் கூலியை இழக்க முடியாத தாய், தொண்டை வலியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறாள். குறுவை முடியட்டும் என்று தொடங்கி, சம்பா அறுவடையும் கழிந்துவிடுகிறது. களைப்பு மறக்க வெற்றிலையோடு மென்ற புகையிலை வாயைப் புண்ணாக்குகிறது. கட்டி முற்றிய பின் கோடி ரூபாய்க் கருவியும் அவளுக்குப் பயன்படாது. நோய் கொன்றது என்று நாம் சொல்கிறோம். கூலி முறைக்கும் அதில் பங்குண்டு என்பதை நாம் உணர வேண்டும்.

ஆதலின் சங்க உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண், மாறாத குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி, விழுங்குவதில் இடர் ஆகியவற்றைக் கண்டால் அவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓசைக்குத் திரும்பாத குழந்தையை, பேச்சு தாமதமாக வரும் என்று சொல்லிக் காத்திராதீர்கள். செவியில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். அன்றைய கூலியை இழப்பவர்க்குச் சங்க நிதியிலிருந்து கைகொடுக்க வழி காணுங்கள்.

இளைஞர்களே! தாழ்த்தப்பட்டோர்க்குரிய 18 விழுக்காட்டு இடஒதுக்கீடு உங்கள் உரிமை. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020-இல் கிடைத்தது. 1913-இல் அண்ணல் அம்பேத்கர் ஓர் உதவித்தொகையைப் பற்றிக்கொண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அதன் பயனை நாடே கண்டது. உங்களில் ஒருவர் அறுவை மருத்துவராகுங்கள். ஒருவர் அக்கருவியைக் குறைந்த விலையில் ஆக்கும் பொறியாளராகுங்கள். ஒருவர் செவிக்கருவி பெற்ற குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவராகுங்கள். அப்பயிற்சி இன்றேல் பொருத்திய கருவியால் முழுப் பயன் விளையாது.

தீண்டத்தகாதவை என்று நம் கைகளை ஒதுக்கிய நாடு இது. அக்கைகள் நெல்லை விளைவித்து அந்நாட்டுக்கே சோறிட்டன. அவையே நாளை எந்திரக் கரத்தை இயக்கி, சாதி கேளாமல் ஒவ்வொருவர் தொண்டையையும் காக்கட்டும். அதற்குரிய கல்வியை அளிப்பதே இச்சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்ற வேண்டிய பணி எனக் கூறி அமைகிறோம்.