இல்லப் பட்டறைக்கு ஒரு சாணைப் பொறி

லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் ஹவுராவிலும் கோயம்புத்தூரிலும், வீட்டின் முன்னறையிலோ பின்கட்டிலோ ஒரே ஒரு கடைசல் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டு தொழில் நடத்துவோர் பலர். சைக்கிள் உறுப்புகள், பம்ப்புத் தண்டுகள், பழுதான இயந்திரங்களுக்கு மாற்று உறுப்புகள் ஆகியவற்றை இப்பட்டறைகள் கடைந்து தருகின்றன. இவற்றுக்கு வேண்டிய கடன், மின்னிணைப்பு, மூலப்பொருள் பற்றியெல்லாம் பேசப்படுகின்றன. வெட்டுளியின் முனையைப் பற்றிய பேச்சு எழுவது அரிது. லேத் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், உலோகத்தைத் தொடுவது அந்த முனை ஒன்றே. அதனைக் கூர்செய்யும் பொறியைப் பட்டறைக்காரர் தாமே அமைத்துக்கொள்வது பற்றியது இவ்வுரை. அப்பொறியில் எதைத் தாமே செய்யலாம், எதை ஒருபோதும் தாமே செய்யலாகாது என்ற பகுப்பே இங்கு முதன்மையானது.

தெருவில் சைக்கிளை நிறுத்திக் கத்திக்குச் சாணை பிடிப்பவர் கோணத்தை அளப்பதில்லை. கையின் பழக்கமே அவருக்குப் போதும். காய்கறி நறுக்கும் கத்தி சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். இரும்பைக் கடையும் உளி பொறுப்பதில்லை. உளிமுனையின் முன்புறம், வேலைப்பொருளை உராயாதபடி கீழ்நோக்கிப் பின்வாங்கியிருக்க வேண்டும். உயர்வேக எஃகு உளியால் மென்எஃகைக் கடைவதற்கு இந்த இடைவெளிக் கோணம் 8 முதல் 10 பாகை வரை இருத்தல் நலம். குறைந்தால் உளியின் அடிப்பகுதி உராய்ந்து சூடேறும். வேலைப்பொருளின் மேற்பரப்பு கிழிந்தாற்போல் தோன்றும். மிகுந்தால் முனைக்குக் கீழே தாங்குவதற்கு உலோகம் இராது. முனை பொடிந்து உதிரும். மேற்பரப்பின் சரிவுக் கோணமும் உலோகத்துக்கு உலோகம் மாறும். மென்எஃகுக்கு 12 முதல் 15 பாகை வரை சரிவு வேண்டும். பித்தளைக்கு அது அறவே கூடாது. சரிவுள்ள உளி பித்தளைக்குள் தானே புதைந்துவிடும்.

உயர்வேக எஃகைப் பதப்படுத்தும் முறையைக் கண்டவர்களுள் ஒருவரான பிரெடரிக் டெய்லர், உலோக வெட்டுக் கலை பற்றி 1906-இல் அளித்த நீண்ட உரையில் இதனை வற்புறுத்தினார். உளிகளை ஒவ்வொரு தொழிலாளியும் தத்தம் போக்கில் தீட்டலாகாது. கருவிக்கூடத்தில் ஒரே அளவாகப் பொறியில் தீட்டித் தரவேண்டும் என்பது அவர் கொள்கை. தொழிலாளியின் கையிலிருந்த அறிவை நிர்வாகத்தின் கைக்கு மாற்றும் நோக்கமும் அதில் இருந்தது என்பது வேறு செய்தி. இல்லப் பட்டறையில் தொழிலாளி, நிர்வாகி, கருவிக்கூடம் மூன்றும் ஒருவரே. ஆகவே கோணத்தை நினைவில் கொள்ளும் வேலையை அவர் தம் கையிலிருந்து ஒரு தகட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியவராகிறார்.

அந்தத் தகடுதான் தாங்குமேடை. கடையில் வாங்கும் மலிவான சாணைப் பொறிகளில் மிக நலிந்த உறுப்பு இதுவே. வளைந்த மெல்லிய தகடு ஒன்று, ஒரு திருகில் ஆடிக்கொண்டிருக்கும். மோட்டாரும் சக்கரமும் குறையற்றவையாயிருந்தும் முனை கெடுவதற்கு இதுவே காரணம். இதற்கு மாறாக, 10 அல்லது 12 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டைக் கீலில் பொருத்தி, விரும்பிய சாய்வில் இறுக்கும்படி அமைத்தல் லேத்தும் துளைக்கருவியும் உள்ள எவருக்கும் இயலும். மேடையில் சக்கர முகத்துக்கு இணையாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் வழுக்கும் கோணக்கட்டை ஒன்றை வைத்தால், உளியைப் பக்கவாட்டில் ஒரே சீராக நகர்த்தலாம்.

சாய்வை அளக்கக் கோணமானியும் வேண்டியதில்லை. அடி 100 மி.மீ., உயரம் 14 மி.மீ. கொண்ட ஆப்பு வடிவத் தகடு 8 பாகையைத் தரும், உயரம் 17.6 மி.மீ. ஆனால் 10 பாகை. ஆப்பினை மேடையில் வைத்து, அதன் மேல்விளிம்பு சக்கரத்தின் தட்டையான முகத்துக்குச் செங்குத்தாகும் வரை மேடையைச் சாய்த்து இறுக்கினால் போதும். இவ்வாறு முகத்தில் தீட்டுவதற்குக் கிண்ண வடிவச் சக்கரம் ஏற்றது. சாதாரணத் தட்டைச் சக்கரத்தின் பக்கவாட்டில் அழுத்தித் தீட்டுவது தவறு. அது அவ்விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

சக்கரத்தின் விளிம்பில் தீட்டுவோர் மற்றொன்றைக் கருத வேண்டும். 150 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில், உளியைக் கிடையாகப் பிடித்து, முனையை மையத்துக்கு மேலே 10.4 மி.மீ. உயரத்தில் வைத்தால் இடைவெளிக் கோணம் 8 பாகை. சக்கரம் தேய்ந்து விட்டம் 120 மி.மீ. ஆனதும் அதே உயரம் 10 பாகையைத் தரும். மேடையை ஒருமுறை பற்றவைத்து நிலையாக்கிவிட்டவர், சில மாதங்களுக்குப் பின் தம் உளிகள் ஏன் பொடிகின்றன என்று எஃகு விற்றவரை நொந்துகொள்வார்.

சுழல்தண்டையும் வீட்டிலேயே கடையலாம். 20 மி.மீ. துளையும் 47 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள 6204 எண் பேரிங் இரண்டு, இருபுறமும் மூடியவையாக, வேண்டும். சாணைத் தூள் பேரிங்கின் முதற் பகைவன். கனத்த குழாயொன்றின் இரு முனைகளிலும் பேரிங் இருக்கைகளை, குழாயைக் கழற்றி மாட்டாமல் ஒரே பிடிப்பில் குடைய வேண்டும். அப்போதுதான் அவை நேர்க்கோட்டில் அமையும். ஒரு பேரிங்கை இறுக்கிவிட்டு மற்றதைச் சற்று நகர விட்டால், தண்டு சூட்டில் நீளும்போது நெருக்கடி இராது. எதிரே நிற்பவரை நோக்கிச் சக்கரத்தின் மேற்புறம் சுழன்று வருமாயின், வலமுனைக்குச் சாதாரண மரையும் இடமுனைக்கு இடப்புரி மரையும் வெட்டுக. மாறினால் நட்டு ஓட்டத்தில் தானே தளரும்.

இனி, செய்யலாகாதது. சக்கரத்தை வீட்டில் வார்ப்பதோ, விரிசல் கண்டதை ஒட்டுவதோ, துளையைச் சுத்தியலால் பெரிதாக்குவதோ கூடாது. களிமண் பிணைப்புச் சக்கரங்கள் பெரும்பாலும் விநாடிக்கு ஏறக்குறைய 33 மீட்டர் விளிம்பு வேகத்துக்குட்பட்டுச் சுழலத் தக்கவை; உரிய வேகம் சக்கரத்தின் காகித வில்லையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும். மோட்டாரில் 100 மி.மீ. புல்லியும் தண்டில் 50 மி.மீ. புல்லியும் வைத்தால் தண்டு 2880 சுற்று ஓடி, 150 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 23 மீட்டர் செல்லும். இது நல்ல வேகம். மோட்டாரின் புல்லியை மட்டும் 200 மி.மீ. ஆக்கினால் அது 45 மீட்டராகும். கையடக்கக் கோணச் சாணைக் கருவிகள் சில 11,000 சுற்று ஓடுகின்றன. அத்தகைய கருவியில் இதே சக்கரத்தைப் பொருத்துவோரும் உளர். அங்கே வேகம் 86 மீட்டர். சக்கரத்தைச் சிதறடிக்க முயலும் விசை வேகத்தின் இருமடியாக வளர்வதால், தாங்கத் தக்கதைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு அழுத்தம் அதன் மேல் விழுகிறது.

புதிய சக்கரத்தைத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். இன்றும் அதற்கு மாற்றில்லை. தெளிந்த ஓசை எழவேண்டும். மந்தமான ஓசை எழுந்தால் அதனை உடைத்தெறிவதே முறை, பிறர் எடுத்துப் பயன்படுத்தாதிருக்கும் பொருட்டு. சக்கரத்தின் இருபுறமும், அதன் விட்டத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத, சம அளவுள்ள ஃபிளாஞ்சுகள் காகித வில்லைகளுடன் அமைதல் வேண்டும். கனத்த எஃகுத் தகட்டாலான மூடி சக்கரத்தைச் சூழ்ந்திருக்க வேண்டும். சக்கர விளிம்புக்கும் மேடைக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் வெளி விடலாகாது; சிறு உளி அவ்விடுக்கில் சிக்கினால் சக்கரம் உடையும். முதல் ஓட்டத்தின்போது பக்கத்தில் விலகி நிற்றலும், கண்ணாடி அணிதலும், கையுறையைத் தவிர்த்தலும் சொல்லப்பட்டும் மறக்கப்படுபவை.

அதிகாரிகள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30-ஆம் பிரிவில், ஒவ்வொரு சாணைப் பொறியின் அருகிலும் சக்கரத்தின் பாதுகாப்பான உச்ச விளிம்பு வேகம், தண்டின் வேகம், புல்லியின் விட்டம் ஆகியவற்றைக் காட்டும் அறிவிப்பு நிலையாக இருக்கவேண்டும் என விதித்தது. ஆயின் மின்விசை கொண்டு 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தையே அது தொழிற்சாலையாகக் கொண்டது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. தந்தையும் மகனுமாக உழைக்கும் பட்டறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஆய்வாளர் அங்கு வாரார். தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசலர், பொருத்துநர் பிரிவு மாணவர்கள் கையால் உளி தீட்டப் பழகுகின்றனர், அது வேண்டியதே. தாங்குமேடை ஒன்றைத் தாமே செய்து, புல்லிக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் அவர்களுடைய செய்முறைப் பயிற்சியில் சேருமாயின், சட்டம் எட்டாத பட்டறைக்கு அந்த அறிவு அவர்களுடனேயே செல்லும்.

பொறியை லேத்துக்கு அருகில் நிறுவாமலிருப்பது நன்று. பறக்கும் தூள் எண்ணெயுடன் கலந்து லேத்தின் வழுக்குப் பாதையை அரித்துவிடும். அடுப்பங்கரைக்கும் குழந்தைகள் நடமாடும் இடத்துக்கும் அப்பால் இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொறி அமைந்தபின், அதன் மூடியின் மேல் நான்கு எண்களை வண்ணத்தால் எழுதிவைக்க வேண்டும்: மோட்டாரின் சுற்று, இரு புல்லிகளின் விட்டம், சக்கரத்துக்கு உரிய உச்ச வேகம். புல்லியை மாற்ற முனைபவர் மகனாயினும் அண்டை வீட்டாராயினும், முதலில் அவர் கண்ணில் படவேண்டியவை அவ்வெண்களே.