சித்தூரில் பிறந்த குரல்

தை பிறந்து சில நாட்கள் கழிந்ததும் தில்லி, இந்தூர், அகமதாபாத் முதலிய நகரங்களின் பழச்சந்தைகளில் அவ்வாண்டின் முதல் மாம்பழம் வந்து இறங்குவதை உங்களிற் பலர் கண்டிருக்கலாம். ஏனைய ஊர்களில் மா பிஞ்சு விட்டுக்கொண்டிருக்கும் காலத்திலேயே பழுத்து வடக்கே புறப்பட்டுவிடும் அப்பழங்களில் பெரும் பகுதி முதலமடையிலிருந்து வருபவை. பாலக்காட்டு மாவட்டம், சித்தூர் வட்டம். தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவர், கிழக்கே சிறிது தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில், ஆலமரங்கள் கவிந்து நிற்கும் அவ்வூர் நிலையத்தைக் கடந்துதான் போகிறது. இங்கே கடைவீதியில் ஒருவர் தமிழில் விலை கேட்பார். மற்றவர் மலையாளத்தில் விடை சொல்வார். இருவருக்கும் அது வியப்பாகத் தோன்றுவதில்லை.

இன்று நான் பேச வந்தது மாம்பழத்தைப் பற்றியன்று. இதே சித்தூர் மண்ணிலிருந்து புறப்பட்டு, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே தமிழ்நாடு முழுவதும் கேட்கப்பட்ட ஒரு குரலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பி. லீலாவின் குரல் அது. (சித்தூர் என்றதும் வட ஆர்க்காட்டுக்கு வடக்கே உள்ள ஆந்திரச் சித்தூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது, சோகநாசினி ஆற்றங்கரையில், எழுத்தச்சனின் குருமடம் அமைந்திருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்.)

இளம் வயதில் முதல் இசைத்தட்டுக் கொடுத்துப் புகழ்பெறுவது எந்த நாட்டிலும் மக்களின் மனத்தைக் கவரும் செய்திதான். அமெரிக்க நாட்டுப்புற இசையில், டான்யா டக்கர் 1972-இல் தம் 13-ஆவது வயதிலேயே பெரும் வெற்றி கண்டார். லியான் ரைம்ஸ் 1996-இல், அவரும் 13 வயதில், ஒரே இசைத்தொகுப்பினால் நாடறிந்தவரானார். டெய்லர் ஸ்விஃப்ட் என்னும் பெண்ணின் முதல் தொகுப்பு 2006-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 16. அப்பெண்ணின் பாட்டு ஆர்வத்தை முன்னிட்டு, குடும்பமே பென்சில்வேனியாவை விட்டு நாஷ்வில் நகருக்கு அருகே குடிபெயர்ந்தது. நம் நாட்டிலோ, எம். எஸ். சுப்புலட்சுமி 1926-இல் 10 வயதில், தாயார் சண்முகவடிவின் வீணையுடன் முதல் இசைத்தட்டுப் பாடினார். டி. கே. பட்டம்மாள் 1929-இல் அதே வயதில் சென்னை மாநகராட்சியின் வானொலியில் பாடினார்.

லீலாவின் கதை இவற்றோடு ஒத்ததாயினும் ஓர் அம்சத்தில் வேறுபடுகிறது. தமக்குத் தெரியாத ஒரு மொழியில்தான் அவர் முதன்முதலில் புகழ்பெற்றார். அம்மொழி நம்முடைய தமிழ்.

1934-இல் பிறந்த லீலாவின் தந்தை குஞ்சன் மேனன் எர்ணாகுளத்தில் பள்ளி ஆசிரியர். மகள் சங்கீதத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. மயிலாப்பூரில் குடியேறியிருந்த வடக்கஞ்சேரி ராமபாகவதர், திருப்பூணித்துறைக் கோயில் விழாவுக்கு வரும்போதெல்லாம் மேனன் வீட்டில் தங்குவது வழக்கம். பெண்ணைச் சென்னைக்கு அழைத்து வந்தாலன்றி இக்குரல் வளம் பெறாது என்ற பேச்சு அவ்வாறு எழுந்ததே. 1944-இல் மேனன் உத்தியோகத்தை விட்டார்; மகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார்.

மாதச் சம்பளத்தைத் துறப்பது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது யுத்த காலம், அரிசிக்கே பங்கீடு. பாட்டினால் பிழைப்பு நடக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. பெண் குழந்தைக்கோ வயது பத்து. இத்தகைய தந்தையை ஊரார் புகழ்வது குழந்தை வெற்றி பெற்ற பின்னர்தான்; அதற்கு முன் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

பாகவதரின் வீட்டிலேயே குருகுலவாசம். விடியற்காலை பிராம்ம முகூர்த்தத்தில் எழுந்து மூன்று மணி நேரம் சாதகம் செய்யவேண்டும் என்பது தந்தையின் கட்டளை. அந்நாளைய சென்னையில் கேட்டறிவதற்கும் குறைவில்லை. செம்பை, அரியக்குடி, ஜி. என். பி. ஆகியோரின் கச்சேரிகளைக் கேட்கும் பாக்கியம் அச்சிறுமிக்கு வாய்த்தது. துர்க்காபாய் அம்மையார் ஒரு நாள் இக்குரலைக் கேட்டு, தாம் தோற்றுவித்த ஆந்திர மகிளா சபையில் பாட அழைத்தார். 1946-இல் நடந்த அதுவே முதல் கச்சேரி.

அச்சமயம் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியார் ஒரு பெண் குரலைத் தேடிக்கொண்டிருந்தனர். லீலாவின் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. கம்பெனியின் நிலையக் கலைஞராக அவர் நியமிக்கப்பட்டார். அதன் வழியே திரைப்பட வாயிலும் திறந்தது. 'கங்கணம்' என்ற தமிழ்ப் படத்தில் பாடியபோது அவருக்கு வயது 13. 1948-இல் 'நிர்மலா' படத்தில் பாடினார். மலையாளத்தில் பின்னணிப் பாட்டு இடம்பெற்ற முதற்படம் அது. அதன் பாடல்களை எழுதியவர் கவிஞர் ஜி. சங்கரக் குறுப்பு, பிற்காலத்தில் ஞானபீடப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர்.

இந்நாளில் 'ஆல்பம்' என்று சொன்னால் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்கள் அடங்கிய ஒரு தொகுப்பு என்று இளைஞர்களும் அறிவார்கள். அக்காலத்து இசைத்தட்டோ நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுக்குத்தான் இடம். அரக்குத் தட்டுகள் பலவற்றை உறைகளில் இட்டு, புகைப்படப் புத்தகம் போல் கட்டி விற்றதனால் பிறந்ததே ஆல்பம் என்ற பெயர். ஒரே தட்டில் பல பாட்டுக்களை அடக்கும் நீண்ட இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது 1948-இல்தான். ஆகவே நம் சிறுமிக்கு அரங்கேற்றம் என்பது மூன்று நிமிடம். ராகம் பாடி, நிரவல் செய்து, மனோதர்மத்தைக் காட்ட அங்கே அவகாசம் கிடையாது. சொல் தெளிவாக விழவேண்டும்; சுருதி விலகக் கூடாது; அவ்வளவே.

இன்னொரு சங்கடமும் உண்டு. பின்னணிப் பாட்டில் குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது. 1949-இல் பம்பாயில் 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, தட்டில் அச்சான பெயர் 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயர். பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்ட பிறகே பாடியவர் யார் என்பது வெளியாயிற்று. குரலை விற்றுப் பெயரை இழக்கும் தொழிலில், பள்ளிப் பருவத்தைக் கடக்காத பெண்களை இறக்கினோம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. லீலா தம் பெயரை நிலைநாட்டிக்கொண்டார் என்றால், அதற்குப் பின்னால் கச்சேரி மேடை என்ற துணை இருந்தது.

இனி மொழிக்கு வருகிறேன்; இப்பேச்சை நான் ஏற்றுக்கொண்டதே அதற்காகத்தான். சென்னை வந்த லீலாவுக்கு மலையாளம் அன்றி வேறு மொழி தெரியாது. தமிழ்ப் பாட்டுக்களைத் தந்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பார். மகள் மனப்பாடம் செய்து பாடுவாள். இதைக் கேட்டால் குறைபாடு என்று தோன்றும். சற்று நுணுகிப் பார்த்தால் அவ்வாறு இல்லை. மலையாள எழுத்தில் நம் ழகரம் உண்டு, றகரம் உண்டு, குறில் எகரமும் ஒகரமும் உண்டு. அதற்கு மேல், நாம் ஒரே ககரமாக எழுதி இடத்துக்கேற்ப வேறுபடுத்தி ஒலிப்பதை அவ்வெழுத்தில் இரு வேறு எழுத்துக்களாகவே காட்டிவிடலாம். எனவே தந்தை எழுதியது, தமிழ் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. தமிழன் எழுத்துக் கூட்டி வாசிக்கையில் கவனியாது விடும் நுட்பத்தை, கேட்டு எழுதியவர் கவனித்தே ஆகவேண்டியிருந்தது. 'மிஸ்ஸியம்மா' படப் பாட்டுக்களைக் கேட்டுப் பாருங்கள். பிறமொழியாளரின் தடுமாற்றம் எங்கேனும் தென்படுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். எனக்குத் தென்படவில்லை.

1955-இல் வெளிவந்த அப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டை எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். இசையமைத்த ராஜேஸ்வர ராவ் தெலுங்கர். லீலாவுடன் சேர்ந்து பாடிய ஏ. எம். ராஜாவும் ஆந்திரத்தில் பிறந்தவர். திரையில் வாயசைத்த சாவித்திரியும் தெலுங்கர். ஆயினும் அப்படத்தின் பாட்டுக்களைத் தமிழல்ல என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினிக்கும் வைஜயந்திமாலாவுக்கும் நடக்கும் நடனப் போட்டியிலும் இதே கதைதான். லீலாவும் ஜிக்கியும் பாடினார்கள், பம்பாயின் சி. ராமசந்திரா இசையமைத்தார். 1963-இல் 'லவ குசா'வில் பி. சுசீலாவும் லீலாவும் சேர்ந்து பாடியதை இன்றும் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வைப்பவர்கள் கைவிடவில்லை.

அறுபதுகளுக்குப் பிறகு திரையில் வேறு குரல்கள் முன்னுக்கு வந்தன. அதைப் பற்றி வருந்திப் பயனில்லை. லீலாவின் குரல் வேறிடத்தில் நிலைத்தது. மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் நாராயணீயம், பூந்தானத்தின் ஞானப்பானை, எழுத்தச்சன் பெயரால் வழங்கும் ஹரிநாம கீர்த்தனம் ஆகியவற்றை அவர் பாடிய பதிவுகள் கேரளத்து இல்லங்களில் விடியற்காலையில் ஒலிப்பவை. குருவாயூரிலும் வைகறையில் அக்குரல் கேட்கிறது. 2005 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். பத்ம பூஷண் விருது 2006-இல், மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது. காலங்கடந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகள் பொங்கலுக்கோ நவராத்திரிக்கோ தமிழ்ச் சங்க மேடையில் பாடும்போது, கையில் வைத்திருக்கும் தாளில் தமிழ்ப் பாட்டு நாகரியிலோ வங்காள எழுத்திலோ இருப்பதைக் கண்டு பலர் மனம் நொந்துபோகிறீர்கள். எழுத்து மாறியதற்காக அத்தாளைப் பிடுங்கிவிட வேண்டாம். ஆனால் அவ்வெழுத்துக்கள் மலையாளத்தைப் போல் நமக்கு நெருங்கியவை அல்ல. வழக்கமான இந்தி எழுத்தில் ழகரத்துக்கு இடமில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. வங்காளத்திலோ ளகரமும் கிடையாது. குழந்தை எழுதியதை அப்படியே வாசித்தால் பழமும் பள்ளமும் கலங்கிப்போகும். ஆகையால் எழுதிய தாளின் மேல், ழகரம் வருமிடத்தில் ஒரு புள்ளி, றகரம் வருமிடத்தில் ஒரு கோடு, குறில் வருமிடத்தில் ஒரு பிறை என்று பென்சிலால் குறியிட்டுக் கொடுங்கள். குறியிட்ட இடங்களை நீங்களே உரக்கச் சொல்லிக் காட்டுங்கள். குழந்தை திரும்பச் சொல்லட்டும். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். குஞ்சன் மேனன் ஒவ்வொரு தமிழ்ப் பாட்டுக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்.