கடைசிச் சொல் வரைக்கும் மூச்சு



கைப்பேசியில் பதிவான தன் குரலை முதன்முதலில் கேட்கிற யாரும் சட்டென்று கேட்பது, "இது நானா?" என்றுதான். கனமே இல்லை, மூக்கால் பேசுவதுபோல் இருக்கிறது என்று வருத்தம் வேறு. கைப்பேசியின் குற்றம் இதில் கொஞ்சம்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் நம் குரல் நமக்கு மட்டும் கனத்துக் கேட்கிறது. ஊரார் இத்தனை நாளாகக் கேட்டுவருவது ஏறக்குறைய அந்தப் பதிவில் உள்ள குரலைத்தான். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த வருத்தத்தில் சிலர் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 120 முறையும், பெண்களுடையவை சுமார் 200 முறையும் அதிர்கின்றன. நாணின் நீளமும் தடிமனும் பெரும்பாலும் முடிவு செய்கிற சங்கதி அது. தொண்டையை இறுக்கினால் வலிதான் மிச்சம். தவிர, இனிய குரல்தான் எடுபடும் என்று யார் சொன்னது? கலைஞர் கருணாநிதியுடையது கரகரத்த குரல். 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்தபின் எம்.ஜி.ஆரின் பேச்சில் தெளிவு குறைந்தது. ஆனாலும் தன் குரலிலேயே தொடர்ந்து நடித்தார். பத்தாண்டு கழித்து முதலமைச்சரும் ஆனார்.

அப்படியானால் பேச்சு எங்கேதான் கெடுகிறது? என் காதுக்குப் பட்டவரை, வாக்கியத்தின் வாலில். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. வந்தானா வந்தாரா, நேற்றா நாளைக்கா, முடியுமா முடியாதா, எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்தான் சுமக்கிறது. நாமோ இருக்கிற மூச்சையெல்லாம் முன்பாதியிலேயே செலவழித்துவிட்டு, அந்த இடத்துக்கு வரும்போது வெறுங்கையோடு நிற்கிறோம். அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்த மாதச் சம்பளம் பத்தாம் தேதிக்குள்" என்பது வரை கணீரென்று சொல்வார். வருமா வராதா என்பது அவருக்கும் முதல் வரிசைக்கும் மட்டும்தான் தெரியும்!

பழைய செய்தி வாசிப்பாளர்களின் தேர்ச்சி இந்த இடத்தில்தான் தெரியும். டெல்லியிலிருந்து அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியைக் கேட்டவர்கள் நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நீண்ட வாக்கியமானாலும் 'தெரிவித்தார்' என்ற சொல்லின் ரகர ஒற்றுவரை முழுசாக வந்து சேரும். இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜா இதற்கு நேர் எதிர், அப்படி ஒரு வேகம். அந்த வேகத்திலும் எழுத்தை விழுங்கமாட்டார். ஆகவே 'மெதுவாகப் பேசு' என்று பிள்ளைகளை அதட்டுவது பாதி சரியான அறிவுரைதான். வேகமாகப் பேசினாலும் சொல் முழுதாக வெளியே வந்தால் போதும்.

மூச்சைப் பற்றித் தொல்காப்பியரே பேசியிருக்கிறார். எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில், காற்று உந்தியிலிருந்து எழுவதையும், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களில் எழுத்து உருவாவதையும் சொல்கிறார். இன்றைய குரல் பயிற்சியாளரும் வயிற்றில்தான் தொடங்குகிறார். மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் கைவைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது கை உயர வேண்டும், தோள் அல்ல. பிறகு எழுந்து உட்கார்ந்து நாளிதழில் ஒரு செய்தியை உரக்க வாசித்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது குரல் இனிமையா என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். அது தேய்ந்திருந்தால், அதற்கு முன்னால் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்செடுத்து மறுபடி வாசியுங்கள். நிறுத்தினால் கேட்பவர் அலுத்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம், அவருக்கும் அந்த இடைவெளி தேவை.

குரலுக்கென்று பனங்கற்கண்டும் அதிமதுரமும் சாப்பிடுகிறோம். தொண்டைக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது. அது உணவுக்குழாய் வழியே போகிறது. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து உடம்பில் ஈரம் காப்பதுதான் நாணுக்குப் பயன். அடிக்கடி செருமுவது நாண்களை மோதவைப்பதால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வகுப்பு முழுவதற்கும் கேட்கக் கத்துகிற ஆசிரியர்களுக்கும், சந்தையில் கூவி விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குரல் கம்மி மூன்று வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால், கஷாயத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.